இரண்டு சொல் அகல இடைவெளி

ஹிலால் பிரதி எடுத்த புத்தகங்கள் எகிப்தின் ஃபுஸ்தாத் நகரத்தில் பல வீடுகளில் இருக்கின்றன. எதிலும் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்காது. கடைசிப் பக்கத்தில், வரிகள் குறுகிக்கொண்டே போய் முடியும் இடத்தில், "இதைப் பிரதி எடுத்தவன் ஹிலால். படிப்பவர் அவனுக்காக வேண்டிக்கொள்ளட்டும்" என்று சிறிதாக இருக்கும். பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவதுதான் அவர் தொழில். முப்பது வருஷம் அதைச் செய்தார். அடுத்தவர் நூல்களில் அவர் தன் கையால் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான். அது அவருடையது மட்டும் என்றும் சொல்ல முடியாது. இந்த ஊரில் எழுதுகோல் பிடிக்கும் எல்லோரும் சேர்ப்பதுதான்.

நாங்கள் அவர் கடை இருக்கும் வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். என் அப்பா மருந்துக் கடை வைத்திருந்தார். எங்கள் யூதப் பெண்கள் பலருக்கு எழுத்தே தெரியாது. தெரிந்தாலும் எபிரேய எழுத்தோடு நின்றுவிடும். மருந்துப் புட்டிகளில் ஒட்டிய பெயர்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று அப்பா எனக்கு அரபு எழுத்தையும் சேர்த்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவர் போன பிறகு நானும் அம்மாவும் காலையில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தோம். மதியத்துக்கு மேல் நான் கீழே இறங்கி ஹிலாலுக்கு ஒப்புப் படிப்பேன்.

ஒப்புப் படிப்பது என்றால் இவ்வளவுதான். அவர் ஒரு கட்டு தாளை எழுதி முடித்ததும், நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மூலத்தை உரக்கப் படிப்பேன். அவர் அந்தப் பக்கம் தன் பிரதியில் விரல் வைத்துக்கொண்டு வருவார். விட்டுப்போனது இருந்தால் ஓரத்தில் குறிப்பார். அவர் மனைவி வஹீபா சித்தி இரண்டு பக்கமும் தெரியும்படி நடுவில் உட்கார்ந்து மொச்சை உரிப்பாள்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. நபியின் பெயர் வந்தால் அதற்குரிய வாழ்த்தை ஹிலால் தானே வாய்க்குள் சொல்லிக்கொள்வார். இறந்தவர் பெயருக்குப் பின் வரும் இரங்கல், ஆட்சியில் இருப்பவர் பெயருக்குப் பின் வரும் ஆசி, பகைவர் பெயருக்குப் பின் வரும் சாபம், இவற்றையெல்லாம் நான் படிக்க மாட்டேன். தாண்டிப் போய்விடுவேன். அவையெல்லாம் எழுதுவதற்கு மட்டும். வாய்விட்டுப் படித்தால் ஒரு புத்தகத்துக்கு இரண்டு புத்தக நேரம் ஆகும். மூலத்தில் இல்லாவிட்டாலும் பிரதி எடுப்பவர் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காதவனைச் சோம்பேறி என்பார்கள்.

வடக்கேயிருந்து சிலுவையோடு போருக்கு வந்த பரங்கிகளின் பெயருக்குப் பின்னால் வருவது, 'இறைவன் அவர்களைக் கைவிடட்டும்.' அரபில் இரண்டே சொற்கள். ஹிலால் அதைக் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதுவார்.

எங்கள் ஆட்கள் எழுதும் கடிதங்களும் இதில் குறைந்தவை அல்ல. பரங்கிகளுக்கு வேதத்தில் வரும் பழைய எதிரிகளின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். வியாபாரியான என் தாய்மாமன் எழுதும் கடிதங்களில் சரக்கு விலையை அடுத்து அந்தப் பெயர் வரும், அதற்கு அடுத்து ஒரு சாபம் வரும், பிறகு மறுபடியும் சரக்கு விலை. எழுதும்போது யாரும் யாருடைய முகத்தையும் நினைத்துக்கொள்வதில்லை.

ஹிலாலுக்குப் பிடித்தவை தேசங்களைப் பற்றிய புத்தகங்கள். வடக்கே வெயில் போதாததால் பரங்கிகளின் அறிவு பழுக்காமலே நின்றுவிடுகிறது என்றும், அவர்கள் தோல் நீலம் பாயும் அளவுக்கு வெளுத்தது என்றும், வாழ்நாளில் இரண்டு முறைதான் குளிப்பார்கள் என்றும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறார். அந்தச் சமயத்தில் நகரத்துக்கு மதில் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கல் சுமந்தவர்களில் பாதிப் பேர் பிடிபட்ட பரங்கிகள். தொழுகைக்குப் போய்விட்டு வரும் வழியில் ஹிலால் அவர்களில் யாருக்காவது நாலு பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு வருவார். வந்து உட்கார்ந்து எழுத்தைத் தொடர்வார்.

ஒருநாள் நான் கேட்டேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"சித்தப்பா, இப்பத்தான் அவனுக்குப் பழம் கொடுத்துட்டு வந்தீங்க. வந்த கையோட அவனைக் கடவுள் கைவிடட்டும்னு எழுதறீங்க."

"அவனை எங்கம்மா எழுதினேன்? பரங்கிகளைத்தானே எழுதினேன்."

"அவன் பரங்கி இல்லையா?"

"அவன் பாவம்மா. தோள்பட்டை எல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கு" என்றார். அவருக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. வஹீபா சித்தி மொச்சைத் தோலை உதறிக்கொண்டே, "இவருகிட்ட நியாயம் கேக்காத முனா, தாள் வீணாகும்" என்றாள்.

ஹிலாலுக்குத் தம்பி ஒருவன் இருந்தான். ரித்வான். பன்னிரண்டு வயது இளையவன், இவர் வளர்த்தவன். சணல்நார் வியாபாரி ஒருவரிடம் ஆளாக இருந்து கப்பலில் போய்வருவான். வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, "எங்க அண்ணன் பாயை விட்டு எழுந்திரிக்காமலே உலகம் பூரா சுத்தின மனுஷன். அண்ணே, சீனத்துல இன்னிக்கு மழையா?" என்பான். ஹிலால் நிமிராமல், "மழைதான். நீ உள்ள வந்து காலைக் கழுவு" என்பார்.

ஒரு பயணத்தில் அவன் போன கப்பலைப் பரங்கிகள் பிடித்தார்கள். ஆறு மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு என் தாய்மாமன் ஹல்ஃபோன், பரங்கிகள் வசம் இருக்கும் ஸூர் துறைமுகத்திலிருந்து கண்ணாடிச் சரக்கோடு வந்தவர், நேரே ஹிலால் கடைக்குள் போனார்.

"தம்பி உசுரோட இருக்கான். கண்ணால பாத்தேன்."

ஹிலால் எழுதுகோலைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். மை தாளில் சொட்டியது.

"ஊருக்கு வெளிய ஒரு விதவைச் சீமாட்டிக்குச் சர்க்கரை ஆலை இருக்கு. அங்கதான் கரும்பு நசுக்கறான். இளைச்சுட்டான், ஆனா வாய் இளைக்கலை. 'மாமா, நீலத்தோல் ஒருத்தனையும் காணலை, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க'ன்னான்." மாமா சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தம்மாவோட அக்கா மகன் ஒருத்தன் இங்க பிடிபட்டிருக்கான். ஓதோன்னு பேரு. அவனை விட்டா உங்க தம்பியை விடறேங்கறா. ஆளுக்கு ஆள். பணம் வேண்டாமாம்."

ஓதோ படைத்தலைவரான ஓர் அமீரின் குதிரை லாயத்தில் இருப்பதை மாமாவே விசாரித்து வைத்திருந்தார். ஹிலால் அந்த அமீரைப் போய்ப் பார்த்தார். ஹிலாலின் கையெழுத்தை அமீருக்குத் தெரியும். பரங்கிகளோடு நடந்த போர்களைப் பற்றிப் பெரிய சரித்திரம் ஒன்று இருந்தது, மூன்று பாகம். அதை முழுவதும் எழுதிக் கொடுத்தால் கைதியைத் தருகிறேன் என்றார் அமீர். ஹிலால் அன்றைக்கே தாள் வாங்கிவந்தார்.

ஏழு மாதம் எழுதினார். வேறு வேலை எதையும் எடுக்கவில்லை. போர்ச் சரித்திரம் என்பதால் பரங்கிகள் வராத வரி குறைவு. ஒரு பக்கத்தில் அந்த இரண்டு சொல் பதினேழு முறை வந்ததை நானே எண்ணியிருக்கிறேன். அவர் பாய்க்கு எதிரே சுவரில் ரித்வானின் மேலங்கி தொங்கும். அதைப் பார்ப்பார், குனிவார், எழுதுவார். "இன்னும் எத்தனை கட்டு?" என்று தினமும் சித்தி கேட்பாள். கடைசி மாதத்தில் விரலில் துணி சுற்றிக்கொண்டு எழுதினார்.

மூன்றாம் பாகம் ஒரு வியாழக்கிழமை முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை அமீரின் ஆள் ஓதோவைக் கொண்டுவந்து கடை வாசலில் விட்டுவிட்டுப் போனான். முப்பது வயதிருக்கும். செம்பட்டைத் தாடி, இடது கையில் இரண்டு விரல் இல்லை. தோலில் நீலம் எதுவும் இல்லை, வெயிலில் செங்கல் நிறமாகியிருந்தது. குளிக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் சைகையால் கேட்டான்.

ஹல்ஃபோன் மாமா ஞாயிறு விடியலில் துறைமுகத்துக்குப் படகு ஏற வேண்டும். குளிர்காலப் புயலால் கப்பல்கள் நின்று கடல் மூடுவதற்கு முன் போகும் கடைசிக் கப்பல்கள் அவை. சீமாட்டிக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார் மாமா. அவள் சம்மதித்தால் அதே கப்பல் திரும்பும்போது ரித்வானை ஏற்றிவிடுவாள், அவன் வந்து இறங்கியதும் ஓதோ புறப்படுவான்.

"அவ அக்கா மகன் நல்லா இருக்கான்னு அதுல இருக்கணும். அவ தெருக்காரங்க ரெண்டு மூணு பேரோட ஆளுங்களும் இங்க கல்லு சுமக்கறாங்க. அவங்களும் நல்லா இருக்காங்கன்னு ஒரு வார்த்தை போடுங்க. அந்தம்மாவுக்கு அக்கம்பக்கத்துல மதிப்பா இருக்கும்."

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து ஹிலால் சொல்லச் சொல்ல, நான் ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அதை வைத்து அவர் நல்ல தாளில் எழுதினார். அவர் எழுதியதிலேயே அழகான பக்கம் அதுதான். பிறகு வழக்கம்போல ஒப்புப் பார்த்தோம். நான் என் தாளைப் படித்தேன், அவர் தன் தாளில் விரல் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பிழையும் இல்லை. எங்களுக்கு ஓய்வுநாள் தொடங்கும் நேரம். மேலே அம்மா விளக்கேற்றக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹிலால் திரையின் கீழாகத் தாளைத் தள்ளினார். நான் அதை மடித்து, கட்டி, மாமாவிடம் கொடுத்தேன்.

மடிப்பதற்கு முன் அதைப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் பொருள் இல்லை. நடு வரியில் என் பார்வை பட்டது. 'தங்கள் அக்கா மகன் ஓதோவும், இங்குள்ள மற்றப் பரங்கிகளும், இறைவன் அவர்களைக் கைவிடட்டும், நலமாக இருக்கிறார்கள்.' பார்த்தேன், மடித்தேன். அது எனக்குத் தவறாகவே தெரியவில்லை. ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

மாமா போயிருந்த ஆறு வாரமும் ஓதோ கடைக்குப் பின்னால் இருந்த தாள் கிடங்கில் படுத்தான். விறகு உடைத்தான், தண்ணீர் சுமந்தான். லாயத்தில் கற்ற அரபு கொஞ்சம் பேசினான். முதல் வாரத்தில் அவன் ஓயாமல் எதையோ தேடிக்கொண்டிருந்தான். திரையை விலக்கிப் பார்ப்பான், பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான். கடைசியில் சித்தியிடமே கேட்டுவிட்டான்.

"உங்க சாமி எங்க? பொன் சாமி?"

"என்னது?"

"எங்க ஊர் எல்லாரும் சொல்றாங்க. நீங்க வீட்டுல பொன் சாமி வெச்சுக் கும்பிடறது. பெரிசு. கண்ணு மாணிக்கம்."

சித்திக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாவுப் பானைக்குப் பின்னாடி பாரு. பாத்துட்டு அப்படியே பானையையும் கழுவி வை" என்றாள்.

"இதுலெல்லாம் விளையாடாத வஹீபா" என்றார் ஹிலால். அவன் பானையை உண்மையாகவே கழுவி வைத்தான். அன்று மாலை ஹிலால் தொழுவதைக் கதவோரம் நின்று பார்த்தான். அவர் எதிரே வெறும் சுவர்.

"ஒண்ணும் இல்ல?" என்றான்.

"ஒண்ணும் இல்ல."

அவனுக்கு ஏமாற்றமாக இருந்ததுபோல் தெரிந்தது.

என்னைக் கண்டால் ஒதுங்கி நிற்பான். நான் படியேறும்போது பின்னாலிருந்து பார்ப்பான். அது ஆண்கள் பார்க்கும் பார்வையாகத் தெரியவில்லை, அதனால் எனக்குப் புரியவும் இல்லை. சித்திதான் சிரிப்பை அடக்க முடியாமல் வந்து சொன்னாள். "யூதருக்கெல்லாம் வாலு இருக்குமாம்டி. அங்கியில எங்க மறைச்சு வச்சிருக்காங்கன்னு கேக்கறான்." நான் சிரிக்கவில்லை. மூன்று நாள் கீழே இறங்கவே இல்லை. நாலாம் நாள் ஹிலால் படிக்கட்டு வரை வந்து நின்றார்.

"அவன் மேல கோவிச்சுக்காதம்மா. அவங்க புஸ்தகத்துல அப்படி எழுதியிருக்கும். படிச்சவன் சொல்லியிருப்பான், இவன் கேட்டிருப்பான்."

"அதை யாரு எழுதினா?"

அவர் யோசித்தார். "என்னை மாதிரி எவனாவது. பாயை விட்டு எழுந்திரிக்காதவன்" என்றார். ரித்வான் கேலி பேசும் அதே சொற்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இறங்கி வந்தேன்.

வர வேண்டிய நாள் நெருங்க நெருங்க ரித்வானின் மேலங்கியைச் சித்தி துவைத்து மடித்து வைத்தாள். அவனுக்குப் பிடித்த உப்புமீன் வாங்கி வைத்தாள். ஓதோவும் தன் மூட்டையைக் கட்டி வைத்திருந்தான்.

ஹல்ஃபோன் மாமா ஒரு பிற்பகலில் தனியாக வந்தார்.

ஹிலால் எழுந்து தெருவைப் பார்த்தார். "பின்னாடி வரானா?"

"உக்காருங்க, ஹிலால்."

"செத்துட்டானா?"

"இல்ல. உக்காருங்க." மாமா தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நீங்க எதுக்கய்யா அந்த வார்த்தையைப் போட்டீங்க?"

"எந்த வார்த்தை?"

மாமா அதைச் சொன்னார். ஹிலால் அவரைக் கோபத்தோடு பார்த்தார். "நான் எழுதலை. என் தம்பியைக் கேட்டு எழுதற கடுதாசியில அதை எதுக்கு எழுதறேன்? எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

மாமா அங்கிக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஹிலால் வாங்கிப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு நிம்மதியோடு நிமிர்ந்தார். "எங்க இருக்கு?" மாமா விரலை வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகும் அவருக்குக் கொஞ்ச நேரம் அது கண்ணில் படவில்லை. படும்போது அவர் முகத்தை நான் திரை வழியாகப் பார்த்தேன்.

"என் கைதான்" என்றார்.

சீமாட்டி வீட்டில் நடந்ததை மாமா சொன்னார். கடிதத்தை அவளுக்குப் படித்துச் சொன்னவன் ஜிர்ஜிஸ் என்ற எழுத்தன். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவன், நம்மைப்போல அரபு பேசுகிறவன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினான். மாமாவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு படித்தான்.

"தாண்டிப் போயிருக்கலாமே அவன்" என்றாள் சித்தி. "இதெல்லாம் வெறும் வழக்கம்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும். நானும் வெளிய வந்து அவன் சட்டையைப் பிடிச்சேன். என்ன சொன்னான் தெரியுமா? 'என்னை இங்க யாரும் அவங்க ஆளா நினைக்கறதில்ல. நீயும் அவனுங்க பாஷைதானே பேசறேன்னு ஒரு நாளைக்கு நாலு தரம் கேக்கறாங்க. ஒரு வார்த்தையை நான் முழுங்கி, வேற ஒருத்தன் அதைப் படிச்சுக் காட்டினா, என் தலை இருக்குமா'ன்னான்."

"அந்தம்மா?"

"கத்தலை. கத்தியிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். 'என் அக்கா மகன் நல்லா இருக்கான்னு இந்தக் காகிதத்தை வச்சுத்தானே நான் நம்பணும்? ஒரே வரியில நல்லா இருக்காங்கன்னும் சொல்றான், கடவுள் கைவிடட்டும்னும் சொல்றான். இதுல எதை நம்பறது'ன்னா. நான் வழக்கம்னேன். 'கொல்றதும் உங்க வழக்கம்தான்'னா. அதோட முடிஞ்சுது. உங்க தம்பி துறைமுகத்துல என் கண்ணெதிர நின்னான். திருப்பி ஆலைக்கு அனுப்பிட்டா."

இதெல்லாம் பேசும்போது ஓதோ கிடங்கு வாசலில் மூட்டையோடு நின்றிருந்தான். வேகமான அந்தப் பேச்சில் ஸூர் என்ற ஊர்ப் பெயரும் அவன் சித்தியான அந்தச் சீமாட்டியின் பெயரும் மட்டும் அவனுக்குப் பிடிபட்டன. எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஹிலால் அன்றைக்கே இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தார். நாலு தாள் கிழித்தார். ஐந்தாவதை என்னிடம் கொடுத்து, விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னார். "எதையும் தாண்டாத முனா. எதையும்." நான் படித்தேன். அதில் ஒரு சாபமும் இல்லை, ஒரு வாழ்த்தும் இல்லை. ஆனால் கடல் மூடிவிட்டது. தரைவழி அந்த வருஷம் யாரும் போகத் துணியவில்லை. கடிதம் மூன்று மாதம் சுவர் மாடத்தில் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் அவர், "நீ மடிச்சப்போ பாக்கலையாம்மா?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. தன் கண்ணுக்குத் தப்பியது வேறு யார் கண்ணுக்கும் தப்பியிருக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பாக்கலை சித்தப்பா" என்றேன்.

பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அவருக்கு அது கொஞ்சமாவது ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மட்டும் அல்ல, நானும்தான் என்று தெரிந்திருக்கும். எனக்கு அப்போது பயம்தான் முன்னால் வந்தது.

கடல் திறந்ததும் மாமா போனார். திரும்பி வந்தபோது கடைக்குள் நுழையாமல் முதலில் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குளிரில் ஆலையில் இருமல் பரவியிருக்கிறது. ரித்வான் எட்டு நாள் கிடந்தான். உடனிருந்த கைதிகளே தொழுகை நடத்தி ஊருக்கு வெளியே புதைத்தார்கள்.

மாமா கீழே போய்ச் சொன்னார். ஹிலால் கேட்டுக்கொண்டார். பிறகு, "என் கடுதாசி விஷயம் அவனுக்குத் தெரியுமா?" என்றார்.

"நான்தான் சொன்னேன். முதல் தடவையே, துறைமுகத்துல வச்சு."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சான். 'அண்ணன் கை அப்படித்தான் மாமா. வண்டியில பூட்டின மாடு மாதிரி, தானா போகும். அடுத்த தடவை கையைக் கட்டிப்போட்டுட்டு எழுதச் சொல்லுங்க'ன்னான்."

ஹிலால் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓதோவை என்ன செய்வது என்று கடைத்தெருவே யோசனை சொன்னது. காகிதக் கடைக்காரர், "வச்சுக்கோ ஹிலால், உன் ஏழு மாசக் கூலி அவன்தான். விறகாவது உடைப்பான்" என்றார். வேறொருவர் விற்றுவிடச் சொன்னார். வஹீபா சித்திதான் ஒரு காலையில் பேச்சை முடித்தாள்.

"அவனை அனுப்பிடுங்க. அவன் சாப்பிடறதைப் பாக்க முடியலை. ரித்வானோட தட்டுல சாப்பிடறான்."

"எந்தத் தட்டைக் கொடுத்தாலும் சாப்பிடுவான்."

"அதான் சொல்றேன். அனுப்பிடுங்க."

மாமாவின் அடுத்த பயணத்தில் அவனை அனுப்பினார்கள். சித்தி ரொட்டி கட்டிக் கொடுத்தாள். ஹிலால் ஒரு கடிதமும் கொடுத்தார். 'தங்கள் அக்கா மகனை அனுப்புகிறேன். அவன் எங்கள் வீட்டில் நலமாக இருந்தான்.' இவ்வளவுதான் அதில் இருந்தது. ஓதோ படகில் ஏறும்போது ஹிலாலின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான் என்று மாமா சொன்னார். சீமாட்டியிடமிருந்து பதில் எதுவும் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து மாமா ஸூரில் ஓதோவைப் பார்த்தார். ஒரு சாராயக் கடையில் உட்கார்ந்து, எகிப்தில் தன்னை வைத்திருந்த வீட்டைப் பற்றிப் பலருக்குச் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

"என்ன சொல்றான்?" என்று கேட்டாள் சித்தி.

"நல்லவங்கன்னுதான் சொல்றான். சாப்பாடு பிரமாதம்கிறான்." மாமா கண்ணாடிக் குவளை ஒன்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஆனா பொன் சாமியை மட்டும் ரொம்பக் கெட்டிக்காரத்தனமா ஒளிச்சு வச்சிருக்காங்க, ஆறு மாசம் தேடியும் கிடைக்கலைங்கறான்."

ரித்வானின் செய்தி வந்த நாளுக்குப் பிறகும் ஹிலால் ஐந்து வருஷம் எழுதினார். பரங்கிகளின் பெயர் வந்தால் அதற்குப் பின் அந்த இரண்டு சொல்லை எழுத மாட்டார். எழுதாமல் தொடர்ந்து போகவும் அவரால் முடியவில்லை. மூலத்தில் இருப்பதை விட்டுவிடுவது பிரதி எடுப்பவனுக்குத் திருட்டு மாதிரி. அதனால் இரண்டு சொல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டு எழுதினார். வாங்குகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பூச்சி அரித்த மாதிரி இருக்கிறதே என்றார்கள். பெரிய வேலைகள் வருவது நின்றது. கடைசிக் காலத்தில் சமையல் குறிப்பும் மருந்துக் குறிப்பும்தான் எழுதினார். "சீரகத்துக்கு யாரும் சாபம் போடறதில்ல, நிம்மதி" என்பார். போன வசந்தத்தில் காய்ச்சலில் போனார்.

கடையில் விற்காமல் கிடந்த தேசங்களின் புத்தகம் ஒன்றைச் சித்தி வேறொரு பிரதி எழுத்தருக்கு விற்றாள். இளைஞர், வேகமான கை. ஹிலாலின் கடைக்கே வந்து, புத்தகத்தைச் சரிசெய்து விற்க ஒப்புப் படிக்க ஆள் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டார். திரைக்கு இந்தப் பக்கம் அதே இடத்தில் உட்கார்ந்து படித்தேன். நான் மூலத்தைப் படிக்கப் படிக்க, அவர் ஹிலாலின் வெற்றிடங்களை நிரப்பிக்கொண்டு வந்தார். அவை அளவெடுத்ததுபோல் இரண்டு சொல் அகலம்தான் இருந்தன, அதனால் அவருக்குச் சிரமமே இல்லை. வழக்கப்படி அந்தச் சொற்களை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. எழுதுகோல் தாளில் உரசும் சத்தம் மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்துக்குக் கேட்டது. இரண்டு பிற்பகலில் முடிந்துவிட்டது.

முடிந்ததும் அவர் தாளை உதறி மையை உலர்த்திக்கொண்டே கேட்டார்.

"நல்ல கையெழுத்து. எதுக்கு இப்படி நடு நடுவுல விட்டு வச்சிருக்கார் மனுஷன்? மை தீந்துபோச்சா?"

"தெரியலை" என்றேன்.